கல்வெட்டுக்குப் பின்னால் ஒரு கதவு

கதவு ஒரு சாண் திறந்தது. அதற்கு மேல் நகர மறுத்தது.

கீலில் ஏதோ கோளாறு என்றுதான் நஃபீஸத் முதலில் நினைத்தாள். தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள். பிறகு அந்த ஒரு சாண் இடைவெளியில் கையை விட்டுத் துழாவினாள். விரல் நுனியில் செங்கல்லும் ஈரச் சிமெண்டும் தட்டுப்பட்டன. தீப்பிடித்தால் பிள்ளை பெற்ற பெண்கள் தப்பி வெளியேற வேண்டிய கதவுக்கு முன்னால் யாரோ சுவர் எழுப்பியிருக்கிறார்கள் என்பது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

ஸ்ரீவைகுண்டம் போகும் சாலையில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஓர் ஊரின் அரசு மருத்துவமனையில் புதிதாகக் கட்டிய தாய் சேய் நலக் கட்டடம் அது. மாடிகளில் இன்னும் பூச்சு வேலை நடந்தது. தரைத்தளம் மட்டும் தயார். ஐம்பது கட்டில்கள் போடும் அளவுக்கு நீண்ட ஒரே கூடம். அதற்கு இரண்டே வழிகள். மேற்கே, பழைய மருத்துவமனையைப் பார்த்த தலைவாசல். கிழக்கே, சாலையைப் பார்த்த இந்தக் கதவும் அதற்கு வெளியே சக்கரக் கட்டில்கள் இறங்குவதற்கான சாய்தளமும். அதாவது வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது.

நஃபீஸத் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்கே வந்தாள். கதவை ஒட்டி, சாய்தளத்தின் வாயை அடைத்துக்கொண்டு எட்டடி உயரத்தில் ஒரு சுவர் நின்றது. சாலையைப் பார்த்த அதன் முகத்தில் மெருகேற்றிய கருங்கல் பதித்து, அமைச்சர் திறந்துவைத்தார் என்று தங்க நிறத்தில் எழுதியிருந்தார்கள். அமைச்சரின் பெயரில் ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம். கீழே மொத்தம் இருபத்து மூன்று பெயர்கள். ஒரு மேஸ்திரி வாளியிலிருந்து தண்ணீரை அள்ளிச் சுவரில் தெளித்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் எலியேசர் என்று பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது.

"அண்ணாச்சி, இதுக்குப் பின்னால ஒரு கதவு இருக்கு, தெரியுமா?"

"தெரியும்மா. கதவ வச்சதே நாந்தான்."

"அப்ப இந்தச் செவுரு?"

"அதும் நாந்தான். கதவுக்கு ஒரு ஆபீஸ்ல இருந்து வரைபடம் வந்துச்சு. கல்வெட்டுக்கு வேற ஆபீஸ்ல இருந்து வந்துச்சு. ரெண்டுலயும் சீல் இருந்துச்சு. நான் எத நம்பாம இருக்க?"

திறப்பு விழாவுக்குப் பதினாறு நாள் இருந்தது.

நஃபீஸத்துக்கு இருபத்தொன்பது வயது. ஊர் மேலப்பாளையம். தீப்பாதுகாப்பில் டிப்ளமோ படித்துவிட்டு, தூத்துக்குடியில் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடம் வேலை பார்த்தவள். ஏழு மாதத்துக்கு முன் மருத்துவக் கட்டுமானத் தீக்காப்பு வாரியத்தில் நிலை மூன்று ஆய்வாளராகச் சேர்ந்தாள். ஒரு வருடத் தகுதிகாண் பருவம் முடிந்தால் வேலை நிரந்தரம். அவள் வாப்பா காஜா முகைதீன் தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் மகள் கையெழுத்துப் போடாமல் இந்த ஜில்லாவில் ஒரு ஆஸ்பத்திரி திறக்க முடியாது என்று சொல்லி வைத்திருந்தார். அது உண்மை என்றுதான் அவளும் நம்பியிருந்தாள்.

வாரியத்தின் மண்டல அலுவலகம் பாளையங்கோட்டையில், பஞ்சு மெத்தைக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. ஏற ஒரே படிக்கட்டு, இறங்கவும் அதே படிக்கட்டு. அந்தக் கட்டடம் மருத்துவமனை இல்லை என்பதால் வாரியத்தின் வரம்புக்குள் வரவில்லை.

அன்று மாலையே அவள் ஆய்வுப் படிவத்தை எடுத்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். ஒன்று 'இணக்கம்'. மற்றது 'இணக்கத்தை நோக்கி'. மூன்றாவது கட்டம் இல்லை. 'கிழக்கு வெளியேறும் வழி' என்ற வரிக்கு எதிரே அவள் இரண்டையும் விட்டுவிட்டு, ஓரத்தில் பேனாவால் எழுதினாள்: 'கதவுக்கு வெளியே சுவர் உள்ளது. ஆள் போக முடியாது.'

மறுநாள் காலை மண்டல இயக்குநர் ஐயம்பெருமாள் அழைத்தனுப்பினார். முப்பத்தொரு வருடம் பணி செய்தவர். நெற்றியில் திருநீறு, சட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அலுவலகத்தில் அவர் பேசும் தமிழ் அச்சடித்த சுற்றறிக்கையைப் போலவே இருக்கும். படிவத்தின் ஓரத்தில் இருந்த பேனா எழுத்தை ஒரு கறையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவள் கண்டுபிடித்த குறை இனி அவள் கணக்கில் நிற்கும் என்று விளக்கினார். வாரியத்தில் குறை என்பது கட்டடத்தின் பெயரில் பதிவாவதில்லை. கண்டவரின் பெயரில் பதிவாகும். குறையை முடித்துவைத்தால் பத்து மதிப்பெண். முடிக்காவிட்டால் பதவி உயர்வு தள்ளிப்போகும். ஏழு வருடமாக ஒரு குறைகூட இல்லாத மகேஸ்வரன் என்ற ஆய்வாளரை அவர் உதாரணம் காட்டினார். மகேஸ்வரன் எல்லா மருத்துவமனைகளையும் எதிரே உள்ள டீக்கடையில் இருந்தபடி ஆய்வு செய்பவர்.

"தீ என்பது ஒரு நிகழ்வு அம்மா," என்றார் ஐயம்பெருமாள். "சான்றிதழ் என்பது ஒரு நிலை. நிகழ்வு வரும், போகும். நிலைதான் நிற்கும். முப்பத்தொரு வருஷத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கட்டடங்களுக்குச் சான்று கொடுத்திருக்கிறேன். ஒரு தீயைக்கூட நேரில் பார்த்ததில்லை. நான் எந்தக் கட்டடத்துக்கும் போனதில்லை என்பது அதற்குக் காரணம் என்று சில பேர் சொல்கிறார்கள். அது பொறாமை."

கல்வெட்டை இடம் மாற்றச் சொல்லி எழுதலாமே என்று அவள் கேட்டாள். அவர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு ஒரு துணைக்குழு அமைத்தார்.

தடையகற்றல் துணைக்குழுவில் ஒன்பது பேர். மூன்று முறை கூடினார்கள். கல்வெட்டை நகர்த்த வேண்டுமானால், அதில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் அனுமதி பெற வேண்டும் என்று கட்டுமானப் பிரிவு சொன்னது. அனுமதி கேட்க வேண்டுமானால், பெயர் தவறான இடத்தில் இருக்கிறது என்று அவரிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டும். ஒன்பது பேரும் தங்கள் முன்னால் இருந்த பிஸ்கட் தட்டைப் பார்த்தார்கள். அந்த யோசனை அத்துடன் முடிந்தது.

இரண்டாவது கூட்டத்தில் கதவின் மேலிருந்த 'வெளியேறும் வழி' என்ற பச்சை விளக்கைக் கழற்றிவிடத் தீர்மானித்தார்கள். விளக்கு இல்லையென்றால் அது வெளியேறும் வழி அல்ல. வெளியேறும் வழியே அல்லாத ஒன்றை யாரும் அடைக்க முடியாது. ஆனால் அப்படிச் செய்தால் அந்தக் கூடத்துக்கு ஒரே வழிதான் மிஞ்சும். அறுபது பேருக்கு மேல் இருக்கும் கூடத்துக்கு இரண்டு வழிகள் வேண்டும் என்று விதி இருந்தது.

மூன்றாவது கூட்டம் ஆட்களை எண்ணுவதற்காக நடந்தது. அன்றைய நிலவரப்படி பழைய வார்டில் நாற்பத்தெட்டுத் தாய்மார், நாற்பத்தெட்டுக் குழந்தைகள். கூடவே துணைக்கு வந்தவர்கள், செவிலியர்கள். ஐயம்பெருமாள் பொறுமையாகக் கணக்கைச் சீர்திருத்தினார். கர்ப்பமாக உள்ளே வரும்போது ஒருத்தியை ஒரு நபராகத்தான் பதிவு செய்கிறோம். ஆகவே தாயும் சேயும் சேர்ந்து ஒரு நபர். துணைக்கு வந்தவர்கள் நோயாளிகள் அல்ல. ஆகவே அவர்கள் கணக்கில் இல்லை. செவிலியர்கள் பயிற்சி பெற்ற பணியாளர்கள். ஆகவே தீ ஏற்படும்போது அவர்கள் ஏற்கெனவே வெளியேறிவிட்டவர்களாகக் கருதப்படுவர். மொத்தம் நாற்பத்தெட்டு. அறுபதுக்குள் அடங்கிவிட்டது.

இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் என்ன செய்வது என்று நஃபீஸத் கேட்டாள். அதற்குத் தனிச் சுற்றறிக்கை வரும் என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

விழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது ஒத்திகை நடந்தது. நோயாளிகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதால் வாரிய ஊழியர்களே நோயாளிகளாக நடித்தார்கள். புகை போட்டால் புதுச் சுவர் கறுக்கும் என்பதால் புகை இல்லை. சத்தம் போட்டால் பழைய வார்டில் குழந்தைகள் விழித்துவிடும் என்பதால் மணியும் இல்லை. ஐயம்பெருமாள் கைக்குட்டையை அசைத்ததும் பன்னிரண்டு பேர் கிழக்குக் கதவை நோக்கி வரிசையாக நடந்துபோய், கதவின் முன்னால் நின்றார்கள். அங்கே கடிகாரத்தை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு உள்ள பயணம் கருத்தளவில் நிறைவேறியதாகக் கொள்ளப்பட்டது. இரண்டு நிமிடம் பத்து விநாடி. வாரியத்தின் வரலாற்றிலேயே இதுதான் மிகக் குறைந்த நேரம் என்று ஐயம்பெருமாள் கைதட்டினார். மீட்கப்பட்ட தாயாக நடிக்கும் பொறுப்பு நஃபீஸத்துக்கு. கையில் குழந்தைக்குப் பதில் ஒரு கோப்புக் கட்டைக் கொடுத்திருந்தார்கள்.

இதையெல்லாம் தலைவாசல் பக்கம் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் கோமு. வார்டின் தலைமைச் செவிலி. ஐம்பதைத் தாண்டியவள். முப்பது வருடத்தில் எத்தனை பிள்ளைகளை ஏந்தியிருப்பாள் என்பது அவளுக்கே தெரியாது. எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு நஃபீஸத்திடம் வந்தாள்.

"இந்த வார்டுக்குள்ள நாந்தான் இருக்கப் போறேன். தீப்பிடிச்சா நான் எந்தப் பக்கம் ஓடணும்? அத மட்டும் சொல்லிட்டுப் போ."

நஃபீஸத் மேற்கே பார்த்தாள். தலைவாசலை ஒட்டித்தான் மின்சார அறை இருந்தது. கட்டடம் முழுவதற்குமான பேனல் போர்டு அங்கேதான். தீ எங்கே பிடிக்க வாய்ப்பு அதிகமோ, அந்த வழியாகத்தான் நூறு பேருக்கு மேல் வெளியே போக வேண்டும். அலுவலகத்துக்குத் திரும்பும் பேருந்தில் அந்தக் கேள்வியையே அப்படியே தாளில் எழுதி, கீழே கையெழுத்திட்டு, தான் சான்று வழங்க மறுப்பதாகக் குறிப்பிட்டாள்.

தபால் பிரிவில் அதை வாங்க மறுத்துவிட்டார்கள். மறுப்புக் கடிதத்துக்குத் தனிப் படிவம் இருக்கிறதாம். அவள் வாங்கிப் பார்த்தாள். 'ஆய்வாளர் மறுப்பின் தன்மை' என்ற வரிக்கு எதிரே இரண்டு கட்டங்கள். இணக்கம். இணக்கத்தை நோக்கி.

அவள் எதிலும் குறியிடாமல் திருப்பிக் கொடுத்தாள். ஐயம்பெருமாள் கோபப்படவில்லை. ஆய்வாளர் நான்கு நாட்கள் மௌனமாக இருந்தால் அதுவே கையொப்பமாகக் கருதப்படும் என்ற விதியை எடுத்துக் காட்டினார். தான் மௌனமாக இல்லையே என்றாள் அவள். படிவத்தில் மௌனமாகத்தான் இருக்கிறாள் என்றார் அவர். விழாவுக்கு முந்தைய நாள் சான்றிதழ் தயாராகிவிட்டது. அதில் அவள் பெயர் அச்சாகியிருந்தது. அவளைப் பணி நிரந்தரம் செய்யும் உத்தரவும் கூடவே தட்டச்சாகி, தேதி போடாமல் அவர் மேஜையில் இருந்தது.

அன்று வாப்பாவிடம் அவள் நடந்ததைச் சொன்னாள். அவர், "ஒம் பேரு போட்டிருக்காவல்லா, அப்ப நீ அங்கன போய் நில்லு" என்றார்.

விழா நாள். அமைச்சர் வார்டுக்குள் வந்து தாய்மார்களுக்குப் பரிசுப் பெட்டி கொடுப்பதாக ஏற்பாடு. அதற்காக, ஆட்கள் மாறினாலும் எண்ணிக்கை மாறாத நாற்பத்தெட்டுத் தாய்மாரையும் குழந்தைகளோடு முந்தைய நாளே புதுக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். நஃபீஸத் காலை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். அண்ணாந்து பார்த்தாள். கூரையில் இருந்த புகை உணரும் கருவிகள் ஒவ்வொன்றையும் பாலித்தீன் பையால் மூடி, ரோஜா நிற ரிப்பனால் கட்டியிருந்தார்கள். காலையில் கணபதி ஹோமம் நடந்ததாம். புகை பட்டு மணி அடித்தால் சகுனம் சரியில்லை என்று வாரியமே வாய்மொழியாக உத்தரவிட்டிருந்தது. அவிழ்த்துவிடச் சொன்னாள். அமைச்சர் வந்துபோகும்வரை ரிப்பனில் கை வைக்கக் கூடாது என்றார்கள்.

மின்சார அறையிலிருந்து நாலா பக்கமும் ஒயர்கள் ஓடின. சீரியல் விளக்கு, ஒலிபெருக்கி, வாடகைக்கு எடுத்த ஆறு பெரிய ஏர்கூலர்கள். எல்லாம் ஒரே பேனலில். இரண்டு ஏர்கூலரையாவது நிறுத்தச் சொல்லி அவள் பந்தல்காரரிடம் மன்றாடினாள். அவர் கேட்ட மாத்திரத்தில் தலையை ஆட்டிவிட்டு ஏழாவதைக் கொண்டுவந்து செருகினார்.

அவள் கிழக்கே போய் எலியேசரைத் தேடினாள். கல்வெட்டுக்குச் சிவப்பு வெல்வெட் துணி போட்டிருந்தார்கள். அவர் அதன் அருகிலேயே நின்றார்.

"அண்ணாச்சி, நீங்க எங்கயும் போயிராதீங்க."

"நான் எங்கம்மா போவ? துணிய இழுக்கும்போது கயிறு சிக்குனா எடுத்துவிடணும்னு என்னைய நிப்பாட்டியிருக்காவ."

"கடப்பாரை இருக்கா?"

அவர் சுவரோரத்தில் சாக்கைத் தூக்கிக் காட்டினார். இருந்தது.

நஃபீஸத்துக்குக் கொடுத்திருந்த வேலை கிழக்குக் கதவின் முன்னால் உள்பக்கமாக நிற்பது. கதவு இருப்பது அமைச்சர் கண்ணில் படாதபடி மறைத்துக்கொள்ள வேண்டும். பத்தரை மணிக்கு ஐயம்பெருமாள் சான்றிதழைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, புகைப்படத்துக்குத் தோதான இடத்தில் நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக, தான் சான்று கொடுத்த ஒரு கட்டடத்துக்குள் கால் வைத்திருந்தார். அமைச்சரின் கார் ஆற்றுப் பாலத்தை நெருங்கிவிட்டதாகச் செய்தி வந்தது.

பத்து நாற்பதுக்கு மின்விசிறிகள் நின்றன. ரப்பர் கருகும் வாடை முதலில் வந்தது. யாரோ ஏர்கூலரை முறைத்தார்கள். அதற்குள் மின்சார அறையின் கதவிடுக்கில் கறுப்பாக ஒரு கோடு எழுந்தது. கோடு பட்டையாகி, பட்டை கூரையைத் தொட்டு, கூரையோடு ஒட்டிக்கொண்டு உள்ளே ஊர்ந்து வந்தது. தலைவாசல் தெரியவில்லை. ரிப்பன் கட்டிய கருவிகள் ஒன்றும் சத்தம் போடவில்லை.

தலைவாசலுக்கு ஓடியவர்கள் இருமிக்கொண்டே திரும்பி ஓடி வந்தார்கள். கோமு மட்டும் ஓடவில்லை. எல்லோரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குனிந்து கிழக்கே போங்கள் என்று ஒரே குரலில் சொன்னாள். சிசேரியன் ஆகி இரண்டாவது நாளான விஜயஸ்ரீ என்ற பெண் எழுந்திருக்க முடியாமல் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கோமு அவளிடம் போனாள்.

நஃபீஸத் கதவைத் தள்ளினாள். ஒரு சாண். அந்த இடைவெளியில் வாயை வைத்துக் கத்தினாள்.

"அண்ணாச்சி, செவுர உடைங்க."

வெளியே கடப்பாரை கல்லில் உரசும் ஓசை கேட்டது. பிறகு நின்றது. எலியேசரின் குரல் சுவருக்கு அப்பாலிருந்து வந்தது. "யம்மா, இது மந்திரி கல்லு. யாராவது ஒரு ஆபீசர் சொல்லணும்மா."

நஃபீஸத் திரும்பி ஐயம்பெருமாளைப் பார்த்தாள். அவர் கதவோடு ஒட்டி நின்றிருந்தார். சட்டம் போட்ட சான்றிதழால் மூக்கைப் பொத்தியிருந்தார். உத்தரவு கொடுங்கள் என்று அவள் சொன்னாள். அச்சுத் தமிழ் அவரைவிட்டு எப்போது போனதென்று தெரியவில்லை.

"எழுத்துல கேக்காதட்டி. நான் இங்கன இல்லன்னு வச்சிக்கிட்டு ஒடைக்கச் சொல்லு. சீக்கிரம் சொல்லுட்டி."

அவள் மறுபடி இடைவெளியில் வாயை வைத்தாள். "நான் சொல்லுதேன். நஃபீஸத். தீக்காப்பு ஆய்வாளர், நிலை மூணு. சான்றிதழ்ல எம் பேருதான் இருக்கு. உடைங்க."

கடப்பாரை விழுந்தது. ஒன்று, இரண்டு. வெளியே வேறொரு சச்சரவு. வெல்வெட் துணியைக் கிழித்துக்கொண்டு அமைச்சரின் பெயரைக் குத்துகிறவனைப் பார்த்துக் காவலர் ஒருவர் பாய்ந்து வந்து கடப்பாரையைப் பற்றிக்கொண்டார். இருவரும் இழுபறியில் இருந்தபோது காவலருக்கு அந்தச் சத்தம் கேட்டது. அமைச்சரின் பெயருக்குப் பின்னாலிருந்து நாற்பத்தெட்டுக் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. அவர் கடப்பாரையை விட்டுவிட்டார். இரண்டடி பின்னால் போய், ஓடி வந்து, பூட்ஸ் காலால் சுவரை உதைத்தார்.

பதினோராவது குத்தில், அவசரத்தில் கட்டிய சுவர் அடி பெயர்ந்து சாலைப் பக்கம் குவியலாகச் சரிந்தது. கருங்கல் மூன்று துண்டாகிக் குவியலின் மேல் மல்லாந்து கிடந்தது. கதவு முழுவதும் திறந்தது.

வெளியே வந்தவர்களின் வெறுங்கால்கள் இருபத்து மூன்று பெயர்களையும் மிதித்துக்கொண்டு சாலைக்கு இறங்கின. ஒருத்தியும் குனிந்து படிக்கவில்லை. ஐயம்பெருமாள் மூன்றாவது ஆளாக வந்தார். செவிலியர்கள் கடைசியில் வந்தார்கள். விஜயஸ்ரீயைப் படுக்கை விரிப்போடு சேர்த்துக் கோமுவும் உள்ளே ஓடிய காவலரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி வந்தார்கள். நஃபீஸத் வாசலில் நின்று எண்ணினாள். தாயைத் தனியாக, சேயைத் தனியாக. தொண்ணூற்றாறு வந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

யாரும் சாகவில்லை. தீயணைப்பு வண்டி வருவதற்குள் யாரோ தெருக் கம்பத்தில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டார்கள். மின்சார அறையும் தலைவாசல் பக்கத்துப் பத்துக் கட்டில்களும் கருகின. அமைச்சரின் கார் பாலத்திலேயே திரும்பிவிட்டது.

ஐயம்பெருமாள் தலைமையிலேயே விசாரணை நடந்தது. கட்டடத்துக்கு முந்தைய நாள் சான்று வழங்கப்பட்டுவிட்டதால் அங்கே தீ ஏற்பட வாய்ப்பில்லை என்றும், நடந்தது 'புகை சார்ந்த நிகழ்வு' என்றும் அறிக்கை சொன்னது. நாற்பத்தெட்டு நபர்களும் பாதுகாப்பாக வெளியேறியது வாரியத்தின் ஒத்திகைக்குக் கிடைத்த வெற்றி. அதேசமயம், அரசுக் கல்வெட்டை உடைக்க வாய்மொழி உத்தரவிட்டது கடுமையான ஒழுங்கீனம்.

பன்னிரண்டாவது நாள் நஃபீஸத்துக்கு ஒரே உறையில் இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்று பதவி உயர்வு. கிழக்கு வழியில் இருந்த தடை நீங்கியதால் அவள் பெயரிலிருந்த குறை முடிந்தது, மதிப்பெண் ஏறியது, அவள் இனி நிலை இரண்டு ஆய்வாளர். மற்றது தற்காலிகப் பணிநீக்கம். முதல் உத்தரவு மறுநாள் முற்பகலில் நடைமுறைக்கு வரும். இரண்டாவது அதே நாள் பிற்பகலில். இரண்டையும் அனுப்பியவை வெவ்வேறு பிரிவுகள். இரண்டிலும் சீல் இருந்தது.

அவள் படித்து முடிப்பதற்குள் ஐயம்பெருமாளே போனில் வந்தார். பழைய தமிழ் திரும்பியிருந்தது. உடைந்த கல்வெட்டின் அஸ்திவாரம் அப்படியே இருப்பதால் புதிய கல்வெட்டையும் அங்கேயே நிறுவ மேலிடம் விரும்புகிறது. அதற்கு நிலை இரண்டு ஆய்வாளர் ஒருவரின் தொழில்நுட்பக் குறிப்பு வேண்டும். மண்டலத்தில் இப்போது அந்த நிலையில் அவள் ஒருத்திதான். "பணிநீக்கம் ஆவதற்குள் வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுங்கள் அம்மா. உங்கள் வழக்கில் அதை நான் கருணையோடு குறிப்பிடுவேன்."

மறுநாள் காலை எட்டரைக்கு அவள் போனபோது எலியேசர் சிமெண்டுக் கலவையைக் குழைத்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். சாய்தளத்தில் ஒரு செங்கல் வைக்க இடமில்லை. பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, துணி நீக்கிய குழந்தைகளை மடியில் கிடத்தி இளவெயில் காட்டிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் காமாலை கண்ட பிள்ளைகள். அவர்களை எழுப்பச் சொல்லி ஐயம்பெருமாள் உத்தரவு எழுதிக் கொண்டுவந்திருந்தார். கோமு பதிலுக்கு ஒரு கத்தைச் சீட்டுகளைக் காட்டினாள். காலையில் அரை மணி நேரம் கிழக்கு வெயில் என்று குழந்தை டாக்டர் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக எழுதிச் சீல் வைத்துக் கொடுத்திருந்தார்.

ஐயம்பெருமாள் நிழலில் நின்றபடி நஃபீஸத்திடம் படிவத்தை நீட்டினார். அவள் அதைக் கீழ்வரை படித்தாள். நிலை மூன்றுக்கான படிவத்தில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. அடியில் நான்கு விரற்கடை அகலத்துக்கு வெற்றிடம். 'நிலை இரண்டு ஆய்வாளரின் இறுதிக் குறிப்பு. இதனை நிலை ஒன்று அலுவலர் மட்டுமே மாற்றலாம், இயக்குநர் அல்ல.'

"நிலை ஒண்ணு அலுவலர் யாரு சார்?" என்று கேட்டாள்.

அந்தப் பதவி பதினோரு வருடமாகக் காலி. தனக்குச் சமமாக இன்னொருவர் தேவையில்லை என்று அரசுக்குக் குறிப்பு எழுதி அதைக் காலியாகவே வைத்திருப்பவர் அவர்தான்.

நஃபீஸத் எழுது அட்டை ஏதும் இல்லாததால் சாய்தளத்தின் கைப்பிடிச் சுவரில் தாளை வைத்து எழுதினாள். 'இந்தக் கதவின் முன்னால் கல், சுவர், மேடை, பூந்தொட்டி, மனிதர் எதுவும் நிற்கக் கூடாது. வெயில் காயும் குழந்தைகளுக்கு விலக்கு உண்டு. அவர்களைத் தூக்கிக்கொண்டு ஓட ஆள் அருகில் இருப்பதால்.' கையெழுத்திட்டு, பெயருக்குக் கீழே நிலை இரண்டு என்று எழுதி, தேதியையும் ஒன்பது மணி ஐந்து நிமிடம் என்று நேரத்தையும் போட்டாள்.

ஐயம்பெருமாள் மூன்று தரம் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நான்காவது தரமும் படித்தார். மூன்று மணி நேரத்தில் அவள் பணியில் இருக்க மாட்டாள் என்று நினைவூட்டினார். தெரியும் என்றாள். அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி இப்போதே அவர் கையில் கொடுத்துவிட்டாள். மேலப்பாளையம் தெருவில் வாப்பா இனி என்ன சொல்லிக்கொள்வார் என்று ஒரு கணம் தோன்றியது.

எலியேசர் எழுந்து, இறுக ஆரம்பித்திருந்த கலவையை மண்வெட்டியால் வழித்து, வாழைத் தோட்டத்து ஓரம் பள்ளமாயிருந்த நடைபாதையில் கொட்டி நிரவினார்.

"வெயில் ஏறிட்டு," என்றாள் கோமு. விஜயஸ்ரீயின் மடியிலிருந்த பிள்ளையைத் துணியில் சுற்றி நஃபீஸத்தின் கையில் வைத்தாள். "சும்மாதான நிக்க. பையப் பைய உள்ள தூக்கிட்டுப் போ. தலைய தாங்கிப் பிடி."

அவளுக்குக் குழந்தை தூக்கிப் பழக்கமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்து, சாய்தளத்தில் ஏறி, கதவைத் தோளால் விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.